சிலுப்பாத கிடா

ஒரு காட்டில், தேன் வியாபாரம் படுத்துவிட்டதால், ஒரு கரடி கல்விச் சேவையில் இறங்கியது. ஓடைக்கரையில் தனியார் பல்கலைக்கழகம் கட்டி, தனக்குத் தானே வேந்தர் என்று பட்டமும் சூட்டிக்கொண்டது. 'படித்து முடித்த அனைவருக்கும் வேலை நிச்சயம்' என்று மரத்துக்கு மரம் ஃபிளெக்ஸ் தொங்கியது.

அங்கே ஆடுகள் எல்லாம் பொறியியல்தான் படித்தன. கொம்பையா என்ற வெள்ளாட்டுக் கிடா மட்டும் தத்துவமும் சமயவியலும் படிக்கச் சேர்ந்தது. அதன் மாமா பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டது.

"தத்துவம் படிச்சவனை எந்தக் கம்பெனிக்காரன்ல எடுப்பான்?"

"எடுக்காட்டா என்ன மாமா? யோசிச்சுக்கிட்டே மேய்வேன்."

"அதுக்கு எதுக்குல பட்டம்?"

மாமா கேட்டது நியாயம்தான். ஆனால் கொம்பையா கேட்கவில்லை. வகுப்பில் அது ஒன்றே மாணவன் என்பதால் முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் அதற்கே சொந்தம். பேராசிரியர் ஓர் எருமை. எந்தச் சந்தேகம் கேட்டாலும் நிதானமாக அசைபோட்டுவிட்டு, "அதை ரெண்டு விதமா பாக்கலாம்" என்று சொல்லி மறுபடி அசைபோடும். கொம்பையா உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

படிப்பு முடியும் நேரத்தில் வளாகத் தேர்வு வந்தது. ஆள் எடுக்க வந்த அதிகாரி ஒரு புலி. பக்தியுள்ள புலி. பாவம் வந்துவிடுமோ என்று பயந்து, சம்மதம் சொல்லாத ஆட்டை அது தொடாது. அதனால் கோயில்களில் செய்வதுபோல ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் என்று பொருள். தலையில் தண்ணீர் விட்டால் எந்த ஆடுதான் சிலுப்பாது? ஆகவே வருஷா வருஷம் எல்லோரும் தேர்வானார்கள். மாலை போட்டு வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்கள் திரும்பியதில்லை. "வெளிநாட்டில் செட்டில் ஆகிவிட்டார்கள்" என்று கரடி சொல்லும். பெற்றோர்களும் அதை மேய்ச்சல் காட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கொம்பையாவையும் கரடி வரிசையில் நிற்கவைத்தது. ஃபிளெக்ஸில் அனைவருக்கும் என்று அல்லவா போட்டிருக்கிறது.

அறைக்குள் நுழைந்ததும் கொம்பையாவின் கண்ணில் பட்டது புலியின் சாவிக்கொத்து. அதில் போன வருஷம் தேர்வான செம்மறியின் கழுத்து மணி தொங்கிக்கொண்டிருந்தது. ஓடலாம் என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குள் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்து, காது வழியாக முதுகில் இறங்கியது. தோல் துடித்தது.

"ம், சிலுப்பு" என்றது புலி.

கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது. "சிலுப்புறேன் சார். அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். சிலுப்புறது நானா, என் தோலா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அதை ரெண்டு விதமா பாக்கலாம் சார். சிலுப்புனது தோல்தான்னா, சம்மதமும் தோலோடதுதான். நீங்க தோலை மட்டும்தான் எடுத்துக்க முடியும்."

"எனக்கு உள்ள இருக்கறதுதான் வேணும்."

"அப்ப உள்ள இருக்கறவன்ல சம்மதிக்கணும்? அப்படி ஒருத்தன் இருக்கான்னு ஒரு மதம் சொல்லுது. இல்லவே இல்லைன்னு இன்னொரு மதம் சொல்லுது."

"எதுப்பா சரி?"

"அது அடுத்த செமஸ்டர்ல வருது சார்."

புலிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்போ இதுவரைக்கும் நான் சாப்பிட்டது?"

"தோலோட சம்மதத்துல சதையைச் சாப்பிட்டிருக்கீங்க. பாவமா இல்லையான்னு படிச்சுப் பாத்துதான் சொல்லணும்."

புலி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அது எழுந்திருப்பதற்குள் கொம்பையாவின் முதுகு காய்ந்துவிட்டது.

மறுநாளே புலி வேலையை விட்டுவிட்டுத் தத்துவத் துறையில் சேர்ந்தது. கரடி தானே வாசல்வரை வந்து பொன்னாடை போர்த்தியது. பாவக் கணக்கு தீரும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று புலி சபதம் எடுத்துக்கொண்டு, ஹாஸ்டல் மெஸ்ஸில் உப்புமா சாப்பிட்டது. இளங்கலையில் பதில் கிடைக்கவில்லை. முதுகலையில் கேள்விகள் அதிகமாயின. கடைசியில் 'சிலுப்பும் சம்மதமும்' என்ற தலைப்பில் பிஎச்டிக்குப் பதிவு செய்தது.

அதற்குள் கொம்பையா அதே துறையில் பேராசிரியர் ஆகிவிட்டது. புலிக்கு நெறியாளரும் அதுவேதான். புலி முடிவுரையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் கொம்பையா பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும். கண்ணாடியைக் கழற்றும்.

"நல்லா வந்திருக்கு தம்பி. ஆனா இன்னும் கொஞ்சம் ஆழமா போகணும்."

"சரிங்க ஐயா" என்று புலி கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வெளியேறும். கிடா நிம்மதியாகத் தழை தின்னும்.

நீதி: உங்களைத் தின்ன வருபவரோடு சண்டை போடாதீர்கள். பிஎச்டி சேரச் சொல்லி, நீங்களே நெறியாளராக இருந்துவிடுங்கள்.