மண்வீடும் நீலத் தறப்பாளும்

வில்லியே லே பெல்,
பிரான்ஸ்

அன்பு மகள் கஜந்தினி அறிவது,

இவ்விடம் நானும் அம்மாவும் சுகம். கட்டடத்து லிப்ட் மட்டும் மறுபடி படுத்துவிட்டது. அவ்விடம் நீயும் மருமகன் அர்னோவும் சுகமாயிருக்க அம்மன் துணை. போனில் சொன்னால் "அப்பா, கேக்கேல்லை" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ அமெரிக்காவில் வீடு வாங்கிய செய்தியை ரூ காய்த் தமிழ்க் கடைத்தெரு முழுக்கப் பரப்பியது நான்தான். மூக்குக்கண்ணாடியை வீட்டிலே விட்டுப் போனதால், நீ அனுப்பிய படத்தைச் சரியாகப் பார்க்காமலே சிவமணியின் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடிக்கச் சொன்னேன். வந்தது மண்வீடு! கடையில் நின்ற அத்தனை பேரும் படத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "அண்ணை, வன்னியிலை நாங்கள் விட்டிட்டு வந்த வீடெல்லோ இது?" என்றான் சிவமணி. உடனே உனக்குப் போன் எடுத்தேன். "அப்பா, இந்தப் பாலைவன ஊர் முந்திப் பருத்தித் தோட்டமாம். அந்தக் காலத்து வீடுகளிலை மிஞ்சினது இது ஒண்டுதான்" என்றாய். அதை அப்படியே கடையில் ஒப்புவித்தேன், ஒருவரும் நம்பவில்லை. பின்னேரத்துக்குள் உனக்கு வேலை போய்விட்டதாம், அர்னோ ஓடிவிட்டானாம் என்று கதை பொபினி ஊர் வரை போய்விட்டது. கடைக்கு வந்த மனோரஞ்சிதம் அக்கா பாலைவனத்துப் பிள்ளைக்கென்று கம்பளிச் சட்டை மூட்டை கட்டித் தந்தா. சிவமணி ஒரு நீலத் தறப்பாளைக் கொண்டுவந்து, "மழைக்கு முந்திக் கூரையிலை இழுத்துக் கட்டச் சொல்லுங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அங்கே மழையே அருமை என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வெட்கமாயிருக்குப் பிள்ளை. சீமெந்து பூசு என்றால், சரித்திர வீடு, பூசக்கூடாது என்கிறாய். மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கையாலேதான் பூச வேணுமாம். பூசத் தெரிந்த ஆளும் இல்லையாம். மண்வீட்டிலிருந்து தப்பத்தானே நான் இஞ்சை இவ்வளவு காலம் கோப்பை கழுவினது? அதை வித்துப்போட்டு ஒரு கல்வீடு பார். அதுவரை புது வீட்டுக் குடிபூரலுக்கு நான் வரமாட்டேன், அம்மாவையும் விடமாட்டேன். இதுதான் என் முடிவு.

நீண்ட ஆயுளும் சீமெந்துச் சுவரும் பெற்று இருவரும் வாழ்க.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அப்பா
அரியநாயகம்

பி.கு.: படத்தைக் கிழிக்க எடுத்தேன். பெரிதாக அச்சடித்ததில் சுவரில் யாரோ பூசிய விரல் தடம் தெரிந்தது. வன்னியில் விட்டுவந்த எங்கள் வீட்டுச் சுவரில் அம்மாவின் விரலும் இப்படித்தான் பதிந்திருந்தது. அடுத்த மாதம் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. வேறு ஆளைச் சுவரில் கை வைக்க விடாதே. வைக்கோலை இப்போதே மண்ணோடு ஊறப்போடு, நாறினால் பயப்படாதே. அந்த வெயிலில் ஈரப்பூச்சு வெடிக்கும். நிழலுக்குக் கட்டத் தறப்பாள் பெட்டிக்குள் போய்விட்டது. மண் மிதிக்கிறது நான், பூசுறது அம்மா. அவ இப்பவே காப்பைக் கழற்றி வைச்சிட்டா.