டேஷ்போர்டில் மட்டும் சுத்தியல் படக் கூடாது

"எதை வேணா கழட்டுங்க மாப்ளே, டேஷ்போர்டுல மட்டும் சுத்தியல் படக் கூடாது."

"படாது மாமா."

மாமனார் மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது நடந்த பேச்சு அது. அவருடைய பழைய காரைப் புதுப்பிக்கும் வேலை இளைய மாப்பிள்ளையின் தலையில் விழுந்திருந்தது. நல்லபடியாக வந்தால் வீட்டில் இருக்கும், சொதப்பினால் பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்று கறாராகச் சொல்லியிருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் அவரை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அந்தக் கார்தான்.

ஆசை யாரை விட்டது? டேஷ்போர்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிசல் இருந்தது. சுத்தியலில் துணியைச் சுற்றி, செல்லமாக ஒரு தட்டு தட்டினார். தகடு மறுபக்கம் புடைத்துக்கொண்டது. புடைப்பை அமுக்கச் சூடு காட்டினார். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. அதைச் சுரண்டினால் துரு. துருவைத் தேய்த்தால், பின்னால் பிடித்திருந்த அவர் விரலே ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது.

"அத்தை! மாமா என்னைக் கொன்னுடுவாரு!"

மாமியார் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கத்தாதீங்க. பழைய கார் சாமான் விக்கிறவர் நம்பர் என்கிட்ட இருக்கு, வேற டேஷ்போர்டுக்கு நான் பேசிக்கிறேன். போய்க் கையக் கழுவுங்க."

மாமனார் திரும்பும் நாள் காலையில்தான் டேஷ்போர்டு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை அவசரமாகப் பிரித்துப் பார்த்தார். ஸ்டியரிங்கை இடது பக்கம் வைக்கும் வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றியது அது.

"அத்தை, மீட்டரெல்லாம் நீங்க உக்கார்ற பக்கம் வந்துருக்கு!"

"அச்சச்சோ. திருப்பி அனுப்ப நேரம் இருக்கா?"

"சாயங்காலம் மாமா வந்துடுவாரே!"

"அப்ப மாட்டிடுங்க. வண்டி ஓடினாப் போதாதா?"

ஸ்டியரிங் தண்டு இடித்தது. தகட்டின் அடியை வெட்டினார். வேகமானியின் கேபிள் எட்டவில்லை; கடைக்கு ஓடி நீளமானதை வாங்கிவந்தார். அதை மாட்டக் குனிந்தபோது, அத்தை உட்காரும் பக்கத்தில் தரையில் கிடந்த ரப்பர் மிதியடியில் வலது பாதம் படும் இடம் மட்டும் ஓட்டையாகத் தேய்ந்திருப்பது கண்ணில் பட்டது. வண்டியே ஓட்டாதவரின் மிதியடி எப்படித் தேயும்? யோசிக்க நேரமில்லை; கேபிளைச் செருகிவிட்டு நிமிர்ந்தார். வாசலில் மாமனாரின் செருப்புச் சத்தம்.

மாமனார் நேராக வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். எதிரே இருந்த மூடியைத் திறந்தார். அது பாதியிலேயே ஸ்டியரிங்கில் 'டங்' என்று முட்டி நின்றது.

"என்ன மாப்ளே இது?"

"சாமான் வைக்கிற பெட்டி மாமா."

"மீட்டர்?"

"அத்தை... பக்கம்."

"முதல்ல ஓட்டிப் பாக்கறேன். இரும்புக் கடைக்கு இதை மட்டும் அனுப்பறதா, உங்களையும் சேர்த்து அனுப்பறதான்னு அப்புறம் சொல்றேன். ஏறுங்க."

அத்தை முன்னால் ஏறினார். மாப்பிள்ளை பின் சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய சாலைக்கு வந்ததும் என்ஜின் சீராக உறுமியது. ஒரு லாரி, ஒரு பஸ், இன்னொரு லாரி என்று வரிசையாகப் பின்னால் போயின. அத்தையின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி மிதியடியை அழுத்தியது.

"எவ்வளவுல போறேன்?" மாமனாரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தொண்ணூறு."

"சும்மா உளறாத. அறுபதைத் தாண்டியிருக்காது."

"முள்ளு என் கண்ணு முன்னாடி நிக்குது."

மாமனார் ரோட்டை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பினார். "எல்லாம் உங்களாலதான் மாப்ளே! எந்தப் பக்கத்து சாமான்னுகூடப் பாக்காம..."

"அவரைத் திட்டாதீங்க, முன்னாடி பாருங்க," என்றார் அத்தை, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மீட்டர் என் பக்கம் இருக்கறதா அனுப்புங்கன்னு போன்ல கேட்டு வாங்கினதே நான்தான். கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன்... கொஞ்சம் மெதுவா ஓட்டுங்களேன்!"