வைக்கிங் துடக்கு

மேட்டின் உச்சியில் இடுப்பில் கைவைத்தபடி போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்ற சிறீஸ்கந்தராசாவுக்கு, தான் எதன்மேல் நிற்கிறான் என்பது தெரியாது.

"அண்ணை, நெஞ்சை நிமித்துங்கோ! ராசா மாதிரி நில்லுங்கோ!" என்று கீழே இருந்து கமராவோடு கத்தினான் இன்னாசித்தம்பி. "ராசாவுக்கு மேலைதானே நிக்கிறியள்!"

"எந்த ராசா?"

"உதுக்குள்ளை கிடக்கிற ராசா. டீச்சர் இப்பத்தான் சொன்னவ. உது மலையில்லை அண்ணை, கல்லறை!"

சிறீஸ்கந்தராசாவின் வாய் மட்டும் சிரித்தபடியே நின்றது. மற்ற எல்லாம் விழுந்துவிட்டது.

கல்லறைக்குப் பயந்துதான் அவன் அந்த மேட்டிலேயே ஏறினான். பிராண்டேயில் இருந்து, அவன் டேனிஷ் மொழி படிக்கும் பள்ளிக்கூடம் கூட்டிவந்த சுற்றுலா அது. வைக்கிங் காலத்து இடங்களைப் பார்க்கப் போகிறோம் என்றதும் கப்பலும் வாளும் கொம்பு வைத்த தொப்பியும் இருக்கும் என்று நம்பி வந்திருந்தான். யெல்லிங்கில் பஸ் நின்றது. பிர்கிட் டீச்சர் எல்லோரையும் தேவாலயத்து வளவுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். எழுத்து வெட்டிய பழைய கற்கள் அங்கேதான் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி வரிசை வரிசையாகக் கல்லறைகள். அதைக் கண்டவன் வாசலோடு திரும்பி, பக்கத்தில் பச்சைப் பசேலென்று கிடந்த தெற்கு மேட்டில் ஏறி நின்றுகொண்டான். காற்று நன்றாக இருந்தது. போட்டோ ஒன்று எடுத்து மனைவிக்குக் காட்டலாம் என்றும் தோன்றியது.

மனைவி ராசமலர் அடுத்த நாள் காலை வந்து இறங்குகிறாள். கலியாணம் முடித்து மூன்று மாதத்தில் விட்டுவிட்டு வந்தவளை நாலு வருடத்துக்குப் பிறகு காணப்போகிறான்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மே மாதம் அது. டென்மார்க்கில் இருந்த தமிழ் ஆண்களில் பாதிப்பேர் பெண்சாதி பிள்ளைகளை எடுக்க எழுதிப்போட்டுவிட்டுத் தபால்காரனின் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். கோப்புகள் கோபன்ஹேகனில் நித்திரை கொண்டன. ஏன் நித்திரை கொள்கின்றன என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே, கொழும்பில் விடுதியறையில் இருந்தபடி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டவர் ராசமலரின் தாய் மனோரஞ்சிதம்.

"தம்பி, எனக்கு எல்லாம் தெரியும்," என்றார் ரெலிபோனில். "நீர் அந்த வீட்டுக்காரக் கிழவியின்ரை செத்தவீட்டுக்குப் போய்க் கேக் துண்டும் திண்டு, முழுகாமல் கொள்ளாமல் சாவுத் துடக்கோடை பக்டறிக்கு வேலைக்குப் போனனீர். அடுத்த மாசமே விசாக் கடிதம் வாறது நிண்டிட்டுது."

"மாமி, எல்லாருக்கும்தான் நிண்டது."

"உம்மாலைதான் எல்லாருக்கும் நிண்டது!"

அன்றிலிருந்து சிறீஸ்கந்தராசா கல்லறை இருக்கிற தெருவால் சைக்கிள்கூட ஓட்டவில்லை. இப்போது கோப்புகள் கண்விழித்து, விசாவும் கிடைத்து, ரிக்கற்றும் போட்டாயிற்று. மாமியின் கடைசிக் கட்டளை ஒன்றுதான். "பிள்ளை வந்து இறங்குமட்டும் சுடலைப் பக்கம் தலைவைச்சும் படுக்காதேயும்."

சுற்றுலாவுக்கு வராமல் நின்றிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் 'வரவில்லை' என்று எழுதுவார்கள். எழுதினது எங்கே போகும், எந்தக் கோப்பைத் திரும்பவும் படுக்கவைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு பஸ் முடிவில் வைலே நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து மாலை ரயிலைப் பிடித்தால், ரயில் கப்பலில் ஏறிக் கடலைக் கடந்து, விடிவதற்குள் கோபன்ஹேகன். ராசமலருக்கு ஜெர்மனியிலிருந்து எடுப்பித்த சேலை, அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கிய குளிர்க்கோட்டு, குங்குமச்சிமிழ் எல்லாம் ஒரு பையில் பஸ்ஸில் இருந்தன.

இப்போது அவன் ஒரு ராசாவின் நெஞ்சில் மிதித்துக்கொண்டு நிற்கிறான்.

படி வழியே இறங்கினால் நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் சாவுத் தீட்டாகத் துடக்கு ஏறும். ஆகவே நேராக இறங்கினான். முதல் நாள் மழை பெய்திருந்தது. இரண்டு எட்டுக்கு மேல் அவன் நடக்கவில்லை. மிச்சத் தூரம் முழுவதையும் இருந்தபடியே சறுக்கி வந்தான்.

"ஐயோ அண்ணை!" என்று ஓடிவந்த இன்னாசித்தம்பியின் தோளில் ஒரு பை தொங்கியது.

"என்ரை பை ஏன் உன்ரை தோளிலை கிடக்கு?"

"பஸ்ஸிலை விட்டால் ஆரும் தூக்கிப்போடுவாங்கள் எண்டு கொண்டு வந்தனான்."

"எங்கை கொண்டு போனனீ?"

"கல்லுப் பாக்க. நல்ல கல்லு அண்ணை! டென்மார்க்கின்ரை ஞானஸ்நானப் பத்திரமாம். கல்லிலை வெட்டி வைச்சிருக்கிறாங்கள். எங்கடையைக் கறையானெல்லோ திண்டது. மற்றக் கல்லு ஒரு ராசா தன்ரை மனுசிக்கு நாட்டினதாம். நீங்கள் ஒரு சேலையோடை முடிச்சிட்டியள்."

"பையை எங்கையடா வைச்சனீ?"

இன்னாசித்தம்பி கொஞ்சம் யோசித்தான். அவன் மன்னார் வேதக்காரன். பொய் சொன்னால் பூசைக்கு முன்னர் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டி வரும். "போட்டோ எடுக்கேக்கை ஒரு கல்லறையிலை வைச்சனான். ஆனால் துப்புரவான கல்லறை அண்ணை. புதுசு."

சிறீஸ்கந்தராசா பையைத் தொடாமல், தன்னை ஒருவரும் தொடாமல், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தான். அவன் நடையைக் கண்ட பிர்கிட் டீச்சர், விழுந்ததில் எலும்பு எதுவோ முறிந்துவிட்டது என்று நினைத்தாள். ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். தன் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவன் கழுத்தில் சுற்றினாள்.

"நோகிறதா?" என்று டேனிஷில் மெல்லக் கேட்டாள்.

"நோகவில்லை. குளிக்க வேண்டும்," என்றான்.

"வீட்டுக்குப் போய்ச் சுடுநீரில் குளிக்கலாம்."

"இப்போதே."

பிர்கிட் அவன் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தாள்.

பஸ்ஸுக்குள் முன்சீட்டில் ஞானேஸ்வரி அக்கா இருந்தார். வேதக்காரரின் சுடலைக்குள் தனக்கு என்ன அலுவல் என்று இறங்காமலே இருந்து முறுக்குச் சாப்பிட்டு முடித்தவர் அவர். ராசமலர் பிராண்டேக்கு வந்து வாசலில் நிற்கும்போது ஆலாத்தி எடுக்கப் போகிறவரும் அவர்தான்.

"அங்காலை நில்லும் தம்பி!" என்றார், விசயம் கேட்டதும். "என்னிலை முட்டிப்போடாதேயும். நான் நாளைக்கு ஆலாத்தி எடுக்கவேணும்."

"முட்டமாட்டன் அக்கா."

அவன் முட்டவில்லை. ஆனால் பிர்கிட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பஸ் புறப்படுமுன் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று தோளில் தட்டித் தட்டி எண்ணுவாள். சிறீஸ்கந்தராசாவைத் தட்டி ஒன்று என்றாள். இன்னாசித்தம்பியைத் தட்டி இரண்டு என்றாள். அதே கை மூன்று என்று ஞானேஸ்வரி அக்காவின் தோளில் விழுந்தபோது அவர் எழுந்தே விட்டார்.

"ஐயோ, எனக்கும் வந்திட்டுது!"

பிர்கிட் சந்தோசமாகச் சிரித்துக்கொண்டு பின்சீட்டுவரை துடக்கைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

"வாய்ச்சுது," என்றான் இன்னாசித்தம்பி. "மிச்சம் டிறைவர் ஒராள்தான்."

டிறைவரின் தோளையும் தட்டிப் "போகலாம்," என்றாள் பிர்கிட்.

அடுத்த இடம் ரவ்னிங். அங்கே ஆறு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் சிறீஸ்கந்தராசாவுக்கு உயிர் வந்தது. ஆறென்றால் தீர்த்தம். ஒரு முழுக்குப் போட்டால் எல்லாம் சரி. ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு வைக்கிங் அரசன் கட்டிய மிக நீளமான பாலத்தைப் பார்க்கப்போகிறோம் என்று பிர்கிட் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். போய் இறங்கினால் ஒரு புல்வெளி.

"பாலம் எங்கை?" என்றார் ஞானேஸ்வரி அக்கா.

"புல்லுக்குக் கீழையாம். கட்டையள் சேத்துக்குள்ளை தாண்டுபோய்க் கிடக்காம்," என்றான் இன்னாசித்தம்பி. "உவங்களின்ரை ஒண்டில் கல்லறை, இல்லாட்டி ஒண்டுமில்லை."

புல்லுக்குக் கீழே என்ன என்பதைச் சிறீஸ்கந்தராசா கேட்கவில்லை. ஆற்றைக் கண்டுவிட்டான். சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடினான். ஆற்றுக்கு ஒரு பாய்ச்சல் தூரம் இருக்கும்போது நிலம் வாயைத் திறந்து அவனை முழங்கால்வரை வாங்கிக்கொண்டது.

டிறைவரும் இன்னாசித்தம்பியும் ஆளுக்கொரு கையில் பிடித்து இழுத்தார்கள். ஆள் வந்தான். இடதுகால் சப்பாத்து வரவில்லை.

"விடுங்கோ அண்ணை," என்று மூச்சு வாங்கினான் இன்னாசித்தம்பி. "இன்னும் ஆயிரம் வருசத்திலை ஆரும் தோண்டி எடுத்து, வைக்கிங் ஆக்கள் பாட்டா சப்பாத்துத்தான் போட்டவை எண்டு எழுதட்டும்."

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இன்னாசித்தம்பி சிரிக்கத் தொடங்கினால் அழுகிற பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். சிறீஸ்கந்தராசா மட்டும் சிரிக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் இடுப்புக்குக் கீழே சேறு, மேலே துடக்கு.

டிறைவர் சேற்றோடு ஏறவிடமாட்டேன் என்றார். பிறகு மனமிரங்கி, படியில் பழைய பத்திரிகையை விரித்து அதில் நிற்கச் சொன்னார். அடுத்த ஊரில் தண்ணீர்க்குழாய் இருக்கிறதாம், கழுவலாமாம். போய் நின்ற இடம் ஒரு சின்னத் தேவாலயம்.

"திரும்பவும் சுடலையோ!" என்று அலறினான் சிறீஸ்கந்தராசா.

"கத்தாதேங்கோ, நான் பாத்திட்டு வாறன்," என்று இறங்கிப்போன இன்னாசித்தம்பி முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். "கல்லறையெல்லாம் அந்தப் பக்கம். வேலிக்கு இஞ்சாலை ஒரு பூங்கா. பைப்பும் கிடக்கு, பூவுக்குத் தண்ணி விடுற வாளியும் கிடக்கு. ஒரு கல்லுக்கூட இல்லை அண்ணை!"

சிறீஸ்கந்தராசா அவனை நம்பவில்லை. தானே ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டி நொண்டி வேலி ஓரம் முழுவதும் பார்த்தான். உண்மைதான். சீராக வெட்டிய புல்தரை, ஆட்கள் இருக்க ஒரு வாங்கு, நாலைந்து பூச்செடி. கல் இல்லை, சிலுவை இல்லை, பெயர் இல்லை.

கட்டிக் குளிக்கப் பையிலிருந்த சாரத்தை இன்னாசித்தம்பியே எடுத்துக் கொடுத்தான். பச்சை வாளியை நிரப்பி, புல்லின் நடுவில் போய் நின்று, "சிவசிவா" என்று தலையில் ஊற்றினான் சிறீஸ்கந்தராசா. டென்மார்க்கின் மே மாதத்துத் தண்ணீர். அவன் போட்ட சத்தத்தில் தேவாலயத்துக் கூரையில் இருந்த காகங்கள் கிளம்பின.

ஞானேஸ்வரி அக்கா ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து முதலில் தன் தலையிலும், பிறகு பையிலும், அதற்குப் பிறகு பஸ்ஸிலும் தெளித்தார். பஸ்ஸைத் துடைக்க உதவுகிறார் என்று நினைத்து டிறைவர் அவருக்கு நன்றி சொன்னார்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வயோதிபர் வந்தார். கையில் மண்வாரி. தேவாலயத்துத் தோட்டக்காரர். ஏசப்போகிறார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் ஏசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு இன்னொரு வாளியை நிரப்பிக்கொண்டு வந்து, தானே சிறீஸ்கந்தராசாவின் தலையில் ஆறுதலாக ஊற்றினார்.

"எவ்வளவு நல்ல மனுசன்," என்றார் ஞானேஸ்வரி அக்கா.

குளிர் ஏறி உதறிக்கொண்டிருந்த சிறீஸ்கந்தராசாவிடம் துவாயை நீட்டிய இன்னாசித்தம்பிக்கு ஏதோ ஞாபகம் வந்தது. "அண்ணை, நீங்கள் சறுக்கின பிறகு டீச்சர் மிச்சத்தையும் சொன்னவ. அந்தத் தெற்கு மேட்டை ரண்டு தரம் கிண்டிப் பாத்தவையாம். ராசா கிடக்கிறார் எண்டுதான் எல்லாரும் நினைச்சவையாம். உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையாம். வெறும் மண்ணாம்."

"என்னடா சொல்லுறாய்?"

"ஒருத்தரும் இல்லை. ஒருநாளும் இருந்ததும் இல்லையாம்."

"ஏன்ரா இவ்வளவு நேரமும் சொல்லேல்லை!"

"நீங்கள் சறுக்கி வந்த வடிவிலை மறந்துபோனன்."

சிறீஸ்கந்தராசா துவாயும் கையுமாக நின்றான். பிறகு, அன்று முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிக்க இன்னாசித்தம்பி சிரித்தான், ஞானேஸ்வரி அக்கா சிரித்தார், எதற்கென்று தெரியாமலே பிர்கிட்டும் சிரித்தாள். துடக்கே இல்லை! இருந்திருந்தாலும் கழுவியாயிற்று! மாமிக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். பையைத் தூக்கி ஈரம் படாத புல்லில் வைத்துத் திறந்து, புதுச் சட்டையைப் போட்டு, குங்குமச்சிமிழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சேலை மடிப்புக் குலையாமல் இருந்தது.

"போவம், ரயில் வந்திடும்," என்றான். தோட்டக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மிக்க நன்றி," என்றான் டேனிஷில்.

தோட்டக்காரர் அவன் கையை விடவில்லை. தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வேற்று நாட்டவருக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"பெயரும் கல்லும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் சாம்பலையெல்லாம் இந்தப் புல்லுக்குள்தான் புதைக்கிறோம், ஒருவரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை, நீங்கள்தான் குடும்பத்தோடு வந்து இவ்வளவு மரியாதை செய்திருக்கிறீர்கள் - உங்கள் காலடியில் இருக்கிறாரே, போன கிழமை வைத்த அம்மா, அவருக்கு நீங்கள் என்ன முறை?"