புருஷன் பேரை விலையாக வைத்த மாயக்கதை

எனக்கு எழுத வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அதிலும் அஞ்சாவது பாதிதான் (அந்த வருஷம் அம்மை போட்டுப் படுத்தேன், எழுந்த பிறகு யாரும் பள்ளிக்கூடத்துப் பேச்சையே எடுக்கவில்லை). எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்னமும் தடுமாறுகிறேன். ஞாபகமும் முன்போல இல்லை. காலையில் மாத்திரை போட்டேனா என்று மத்தியானம் பக்கத்து வீட்டில் போய்க் கேட்கிற ஆள் நான். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது பவானி. என் சிநேகிதி மல்லிகாவின் மகள். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் மாயாஜாலக் கதை எழுதுகிறாள். அவளைப் போல எழுதுகிறவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம்.

"பெரிம்மா, மந்திரத்துக்கு எப்படி விதி வைக்கிறது, எங்க அதை நிறுத்துறதுன்னு நீதான் எழுதணும்."

"உன் நிச்சயதார்த்தத்துல நான் பட்ட அவமானம் பத்தாதா?"

"அதைத்தான் எழுது பெரிம்மா."

அதனால் எழுதுகிறேன்.

பவானிக்கு நிச்சயம் ஆன சமயம் நானும் மல்லிகாவும் மாமல்லபுரம் பக்கம் ஒரு கடலோர ஓட்டலில் பெட்ஷீட் துவைத்து மடிக்கிற வேலையில் இருந்தோம். விடிந்தும் விடியாமலும் செங்கல்பட்டிலிருந்து ஒரு வேன் எங்களைத் திருக்கழுக்குன்றம் வழியாக அள்ளிக்கொண்டு போகும். நாலு பேர் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச வராது. பேருந்தில் டிக்கெட் கேட்கும்போதே குரல் உள்ளே போய்விடும். ஆனால் வேனின் கடைசி சீட்டில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படியோ கதை வரும். யாரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் யாரையும் பார்க்கவில்லை என்றால் நான் பெரிய ஆள்தான்.

ஒரு நாள் நீலவேணி என்று ஒருத்தியைப் பிறக்க வைத்தேன். ஏரிக்கரை ஊர்க்காரி. அவள் சொன்னால் தண்ணீர் கேட்கும். "நில்" என்றால் நிற்கும், "வா" என்றால் வரும். உலகத்தில் யாரும் நினைக்காததை நினைத்துவிட்டதாக எனக்கு ஒரு பூரிப்பு. அதிகாலையில் நீலவேணி இடுப்பில் குடத்தோடு ஏரிக்குப் போனாள் என்று ஆரம்பித்தேன்.

முன் சீட்டிலிருந்து நூர்ஜகான் திரும்பினாள். திருக்கழுக்குன்றத்தில் ஏறுகிறவள். வாயைத் திறந்தால் வக்கீல்.

"யக்கா, தண்ணி அவ பேச்ச கேக்குமா?"

"கேக்கும்."

"அப்போ இன்னாத்துக்கு கொடத்த தூக்கினு போறா? வூட்ல குந்திகினு 'வா'ன்னா வராதா?"

கதை அங்கேயே செத்துவிட்டது. மல்லிகா வேறு, "விடு நூரு, அவளுக்கு காத்தால வாக்கிங்கு" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாள்.

அன்றைக்கு முழுக்க பெட்ஷீட் மடித்துக்கொண்டே யோசித்தேன். மறுநாள் சொன்னேன்: எந்தத் தண்ணீரைக் கூப்பிடுகிறாளோ அந்தத் தண்ணீரில் அவள் கை நனைந்திருக்க வேண்டும். தொடாத தண்ணீர் கேட்காது. அதனால்தான் ஏரி வரைக்கும் போகிறாள்.

"சர்தான்" என்றாள் நூர்ஜகான். எனக்கு மெடல் வாங்கின மாதிரி இருந்தது. அது திருக்கழுக்குன்றம் கோயில் தாண்டும் வரைக்கும்தான். "ஆனா அவளுக்கு இதுல இன்னா செலவு? ஒரு பெட்ஷீட் அலசுனா நம்ம தோள்பட்ட கழண்டு பூடுது. அவ ஏரியவே தூக்குறா, ஒண்ணுமே ஆவாதா?"

மறுபடியும் ஒரு நாள் யோசனை. அப்புறம் விலை வைத்தேன். ஒவ்வொரு தடவை தண்ணீர் கேட்கும்போதும் நீலவேணிக்குத் தெரிந்த ஒருவர் பேர் மறந்துபோகும். போனது போனதுதான். யார் எடுத்துச் சொன்னாலும் காதில் நிற்காது.

நூர்ஜகான், "அட, லாபம்! எங்க நாத்தனார் பேர இன்னிக்கே குடுத்துடறேன், எங்க வூட்டு பைப்புல தண்ணி வரட்டும்" என்றாள். டிரைவர் சிரித்ததில் வேன் ஆடியது.

அதற்கும் ஒரு விதி தேவைப்பட்டது. எந்தப் பேர் போகும் என்பது அவள் கையில் இல்லை. சின்ன வேலைக்குத் தூரத்துப் பேர் போகும். பெரிய வேலைக்குப் பக்கத்துப் பேர் போகும். குடம் நிறைய வைத்தால் எங்கோ பார்த்த வளையல்காரர் பேர். கிணறு ஊற வைத்தால் கூட விளையாடியவள் பேர்.

இப்படித்தான் பவானி, விதிகள் வந்தன. நானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. என்னைப் பேச விடாமல் மடக்கி மடக்கி அவர்கள்தான் வாங்கினார்கள்.

ஒரே ஒரு விதி மட்டும் வேறு மாதிரி வந்தது. வேனில் அஞ்சலை என்று ஒருத்தி. குப்பத்துக்காரி. சுனாமியில் புருஷனைக் கொடுத்துவிட்டு, கடலே வேண்டாம் என்று செங்கல்பட்டுக்கு வந்தவள் (வேலை மட்டும் கடலோரத்தில்தான் கிடைத்தது). பேசவே மாட்டாள். ஒரு நாள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கடலும் அவ பேச்ச கேக்குமா?"

அடுத்த வாரம் நீலவேணி கடலை இரண்டாகப் பிளப்பதாக எல்லாம் ஆசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். டிரைவர் பாட்டை அணைத்தார். கடல் கேட்கும் என்றால் அன்றைக்கு ஏன் கேட்கவில்லை?

"உப்புத் தண்ணி கேக்காது" என்றேன். "யார் பேச்சையும் கேக்காது."

"சரி" என்றாள் அஞ்சலை. அதற்குப் பிறகு கதை நேரத்தில் அவளும் எங்கள் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏரி உடைந்தது. கதையில்தான். ஊரே போகப் போகிறது. நீலவேணி உடைப்பில் கையை வைத்து "நில்" என்றாள். நின்றது. அவ்வளவு பெரிய வேலைக்கு எவ்வளவு பக்கத்துப் பேர் போகும்? புருஷன் பேர் போனது. செங்கோடன். எதிரில் நிற்கிறான், ஆள் தெரிகிறது, பேர் இல்லை. நூர்ஜகானே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். நான் ராணி மாதிரி வேனை விட்டு இறங்கினேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் பவானிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு அச்சரப்பாக்கம். வேன்காரிகள் எல்லோரும் வந்திருந்தோம். தட்டு மாற்றியாயிற்று. சாப்பாடு மட்டும் வரவில்லை. சமையல்காரர் வண்டி, கோயில் பார்க்க வந்த டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளம், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பதுதான். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டால் தட்டு மாற்றியதும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலரைக்கு ராகு காலம் வேறு. அதற்குள் அவர்கள் கிளம்பியாக வேண்டும். மாப்பிள்ளையின் அத்தை, அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டார்.

"நாங்க இன்னா சோத்துக்கா வந்தோம்? கெளம்பறோம். அப்புறம் எங்க மேல பேச்சு வரக் கூடாது."

மணப்பெண் கோலத்தில் பவானி என்னைப் பார்த்தாள். அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது (எனக்கு மட்டும் தெரியும்). மல்லிகா ஓடி வந்து மைக்கை என் கையில் திணித்தாள்.

"கன்னிம்மா, உன் கால்ல வுழறேன். நீலவேணிய எடுத்துவுடு. சோறு வர்ற வரைக்கும் இவங்கள குந்த வை."

"மல்லிகா, எனக்கு மூஞ்சியப் பாத்தா வராதுடி."

"பாக்காத!"

மேடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிரில் பிளாஸ்டிக் பூ ஜோடனை. அதைப் பார்த்துக் கதை சொன்னேன். முதுகைப் பார்த்துக் கதை கேட்ட கூட்டம் மாமல்லபுரத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆனால் வந்தது! முதலிலிருந்து சொன்னேன். கை நனைய வேண்டும், பேர் போகும், உப்புத் தண்ணீர் கேட்காது, எல்லாம் வரிசையாக. நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், உட்காருகிற சத்தம். ஏரியை உடைத்தேன், நிறுத்தினேன், புருஷன் பேரைப் பறித்தேன். பின்னால் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வேனில் சொல்லாத புதுக்கதைக்குத் தாவினேன். எதிரிகள் புருஷனைப் பிடித்துப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டார்கள். நீலவேணி தலைவிரி கோலமாக ஓடுகிறாள். கிணற்றை எட்டிப் பார்த்து ஊரே அதிரக் கூப்பிடுகிறாள்.

"செங்கோடா!"

மைக்கில் நான் போட்ட கூச்சல் கடற்கரைக் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நிறுத்துக்கா!" நூர்ஜகான். "அந்தப் பேருதான் வெள்ளிக்கெழமையே பூட்சே! எப்டி கூப்புட்டா?"

பிளாஸ்டிக் பூவெல்லாம் என்னையே பார்த்தது. நான் உளறினேன். "ஒரு நிமிஷம்... ஞாபகம் வந்துட்டுது."

"அப்டி வருமாம்மா?" இது மாப்பிள்ளையின் அத்தை. "இப்பத்தான போனது வராதுன்னு சொன்ன? எங்களுக்கு இன்னா காது இல்லியா?"

"வராது" என்று ஒரு குரல். அஞ்சலை. அத்தனை பேர் நடுவில். "வரும்னா, அந்த ஏரிய அவ சும்மா நிறுத்துனான்னு ஆயிடும்."

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. வரலாம் என்று பாதி, வரக் கூடாது என்று பாதி. பெண் வீடு மாப்பிள்ளை வீடு என்ற கணக்கெல்லாம் இல்லை, கலந்து கட்டிச் சண்டை. அப்போது அந்த அத்தை எழுந்து ஒரு போடு போட்டார்.

"யாருக்கும் புத்தி இல்ல. எந்தப் பொம்பள புருஷன் பேரச் சொல்லிக் கூப்புடுவா? 'இந்தா, உன்னத்தான்'னு கூப்ட்டிருப்பா. அவ்ளோதான். கட்டிகினு வந்ததுலேந்து நான் எங்க வூட்டுக்காரரு பேரச் சொன்னதே கெடையாது. அந்தப் பேரு போனா எனக்கு இன்னா நஷ்டம்?"

நான் நாற்காலியோடு உறைந்துபோனேன். யோசித்து யோசித்து, இருப்பதிலேயே பெரிய விலை என்று வைத்தேன். அதையோ எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் வாயில்கூட எடுப்பதில்லை! நீலவேணி ஏரியை ஓசியில் நிறுத்திவிட்டாள். நூர்ஜகானே வாயடைத்துப் போனாள் (அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்).

அஞ்சலைதான் மறுபடி சொன்னாள். "கூப்புடலன்னா இன்னாம்மா? உள்ள கீதுல்ல. அது இல்லன்னா தெரியும்."

பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. யார் என்று முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். அந்த அத்தை மேடைப் பக்கம் வந்துகொண்டிருந்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"கீதான்னு பாக்கறேன்" என்று, மெதுவாக, தன் வீட்டுக்காரர் பேரைச் சொன்னார்.

முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் பள்ளிக்கூடத்தில் பேர் வாசித்த மாதிரி விறைத்து எழுந்து, "இன்னா, வண்டி வந்துட்சா?" என்றார்.

மண்டபம் சிரிப்பில் இடிந்தது. அந்த அத்தை முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு மேல் மல்லிகாவின் குரல் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்தது.

"அடிப்பாவி கன்னிம்மா! சோறு வர்ற வரைக்கும் புடிச்சி வையின்னா, ஆறிப் போற வரைக்குமா புடிச்சி வைப்ப? எல போட்டு எம்மா நேரம் ஆவுது! ஒருத்தன் எழுந்து வர்ல!"

முதுகைக் காட்டிக்கொண்டிருந்த எனக்குச் சாப்பாடு வந்ததே தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்தும் எழவில்லை. ராகு காலம் பிறந்தேவிட்டது. சாம்பார் கட்டி, அப்பளம் துவண்டுவிட்டது, பாயசத்தில் ஆடை. மைக்கைப் போட்டுவிட்டு ஓடி, சமையல்கட்டில் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நிச்சயதார்த்தம் என்னால் நின்றுபோனது என்றே நினைத்தேன்.

எனக்குக் கேட்டது அந்த அத்தையின் குரல்தான். "ராகு காலத்துல யார் கெளம்புவா? எலைல குந்துங்க எல்லாரும். கை நனச்சிட்டு அந்தப் பொம்பளய இட்டாங்க. கெணத்துல வுழுந்தவன் இன்னா ஆனான்னு தெரியாம நான் ஊருக்குப் போவ மாட்டேன்."

கேன்களுக்குப் பின்னாலிருந்து என்னை இழுத்து வந்ததே அவர்தான். இருட்டும் வரை விடவில்லை. சாயங்காலம் அத்தனை பேருக்கும் பஜ்ஜி வாங்கிப் போட்ட வயிற்றெரிச்சலை மல்லிகா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

கிணற்றில் விழுந்தவனை நீலவேணி "இந்தா, உன்னத்தான்" என்றுதான் கூப்பிட்டாள். அவனும் மேலே வந்தான். பவானிக்கும் அந்தப் பையனோடு கல்யாணம் ஆயிற்று. இன்றைக்கும் அந்த இரண்டு குடும்பத்திலும் யாராவது ஒரு பேரை மறந்து திணறினால் போதும், "எந்தத் தண்ணிய கூப்புட்ட?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நான் போனால் என் எதிரிலேயே கேட்கிறார்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அந்த அத்தை இப்போது தினமும் அவர் பேரைச் சொல்கிறார்களாம், விளக்கேற்றும்போது, சத்தமாகவே. பவானிதான் சொன்னாள்.

அன்றைக்கு மைக்கில் சொன்ன அந்தப் பேரை இங்கே எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மறந்துவிட்டது. ராத்திரியெல்லாம் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பாயசம் சேமியாவா ஜவ்வரிசியா என்பதிலும் எனக்குச் சந்தேகம். யாராவது அச்சரப்பாக்கம் போனால் அந்த அத்தையிடமே கேட்டுச் சரிபார்த்துப் போட்டுவிடுங்கள். பாயசத்தை விட்டாலும் பரவாயில்லை, பேரை விடாதீர்கள். எந்தத் தண்ணீரைக் கூப்பிட்டேன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.