அப்பாவின் பேனாவும் அஞ்சலை வீட்டுப் படிவமும்

புவியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களை நம்பி எந்த மாவட்டத்துக்குள்ளும் அனுப்பக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் நான்.

பள்ளியில் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தற்காலிக ஆள் எடுத்தார்கள். எனக்குக் கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கிடைத்தது. எங்கள் வீடு மலைக்கு இந்தப் பக்கம், பாரோயில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தாத்தா தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. அவருக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் போனதில்லை. (போகாமலேயே எல்லாம் தெரியும் என்பதுதான் எங்கள் குடும்பப் பெருமை.) அப்பா கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம், "மகளுக்குக் கவர்மெண்ட் வேலை" என்று சொல்லிவிட்டார். மூன்றே வார வேலை என்பதைத்தான் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரர். இரண்டே விதிகள் சொன்னார். கேட்ட பிறகுதான் எழுத வேண்டும். பென்சிலால்தான் எழுத வேண்டும். படிவங்களுக்கு எண் உண்டு. கெடுத்தால் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

முதல் நாள் மாலையே இரண்டு விதிகளையும் மீறினேன். ஆற்றோர வயல்களில் மலாய்க்காரர், கடைத்தெருவில் சீனர், மலையடிவாரத்தில் பூர்வகுடிகள், தோட்டத்தில் தமிழர். பள்ளிப் புத்தகத்தில் வண்ணம் தீட்டிப் படித்தது மறக்குமா? எனக்குக் கொடுத்த நாற்பது வீட்டுப் படிவங்களிலும் இனம் என்ற இடத்தில் 'தமிழர்' என்று அப்பாவின் மைப்பேனாவால் முத்து முத்தாக எழுதி முடித்தேன். நேரம் மிச்சமாகுமே! அப்பா பார்த்துவிட்டு, "கையெழுத்து வடிவாயிருக்கு" என்றார்.

மறுநாள் புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் பஸ் வளைந்த வளைவுகளில் காலைச் சாப்பாட்டை ஜன்னல் வழியே விட்டுவிட்டு, வெளிறிய முகத்தோடு லயத்தில் இறங்கினேன். முதல் வீட்டில் இந்தோனேசியர்கள். இரண்டாவது வீட்டில் ஒன்பது வங்காளதேசத்து இளைஞர்கள். மூன்றாவதிலும் இந்தோனேசியர்கள். ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினேன். புத்தகத்தை நம்பியது தப்பு, இனிமேல் முகத்தைப் பார்த்து எழுதிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். (கேட்டுவிட்டு எழுதலாம் என்று தோன்றவேயில்லை.)

நான்காவது வீட்டு வாசலில் ஒரு சீனப் பெண்மணி காத்திருந்தார். தலைக்குக் குளித்து, நல்ல சட்டை போட்டிருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் 'தமிழர்' என்பதை அடித்து 'சீனர்' என்று எழுதினேன். பிறகு, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல மலாயில் உரக்க, "ஆன்ட்டி, நாமா? பேர்?" என்றேன்.

"அஞ்சலை."

என் பேனா நின்றது.

"அப்பா பேரு முனியாண்டி. நீ என்னா பாப்பா, தமிழ்ப் புள்ளயா இருந்துக்கிட்டு மலாய்ல கத்துற? பக்கத்துலதான லா நிக்கிறேன்." எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'கூடத் தவறவில்லை. எட்டிப் பார்த்தார். "இது என்னா அடிச்சி வச்சிருக்க? எத எதுவா மாத்துன?"

சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பொறந்தது பிலா டவுன்ல, தையக்கட சீனரு வீட்டுல. ஏழாவதும் பொண்ணுன்னு குடுத்துட்டாங்க. நாப்பது நாள்ல இந்த லயத்துல இருந்த எங்காத்தா தூக்கியாந்து பால் குடுத்து வளத்துச்சி. பொறப்புப் பத்திரத்துல சீனம். பள்ளிக்கூடத்து ஏட்டுல சீனம். கிளினிக்ல மொகத்தப் பாத்துட்டு அவங்களாவே எழுதிக்குவாங்க. இந்தக் கணக்கெடுப்புக்கு மட்டும் பத்திரம் வேணாம், நாம சொல்றதத்தான் எழுதுவாங்கன்னு ரேடியோவுல சொன்னான். ஒரு தடவ என் வாயால சொல்லணும்னு வேலைக்கிப் போவாம குந்தியிருக்கேன். நீ கேக்கவே இல்லயே பாப்பா."

மலைப்பாதையில் பட்ட பாடெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அவ்வளவு வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன். வேறு படிவம் வேண்டும் என்றால் மேற்பார்வையாளரிடம் போக வேண்டும், போனால் வேலை போய்விடும் என்று விக்கலோடு சொன்னேன்.

அஞ்சலை உள்ளே பார்த்து, "டேய் சேகரு! மோட்டர எடு. இந்தப் புள்ளய டவுனுக்குக் கூட்டிட்டுப் போ" என்று கூவினார்.

மேற்பார்வையாளர் நாற்பது படிவங்களையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "கேட்டாயா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கதவோரம் ஹெல்மெட்டோடு நின்ற அஞ்சலையின் மகன் சேகர் மலாயில் மரியாதையாகச் சொன்னான்: "துவான், இவங்கள வேலைய விட்டு நிறுத்த வேண்டாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க. அடிச்சவங்களே வந்து எழுதணுமாம்."

மேற்பார்வையாளர் அப்பாவின் பேனாவை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, புதுப் படிவக் கட்டும் ஒரு பென்சிலும் தந்தார். (அந்தப் பேனா எங்கே என்று அப்பா கடைசிவரை தேடினார்.)

திரும்பிப் போனபோது அஞ்சலை அதே சட்டையில் அதே இடத்தில் நின்றார். பெயர், வயது, பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "இனம்?" என்றதும் முந்தானை இல்லாத சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, "தமிழு" என்றார். எழுதியதை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மோட்டார்காரன் சேகரை நான்கு வருடம் கழித்துக் கட்டிக்கொண்டேன். அதில் மூன்று வருடம் அப்பாவைச் சம்மதிக்க வைப்பதில் போனது. இன்றைக்கும் என் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்றால்கூட, பிள்ளைகள் முதற்கொண்டு, "பென்சில்ல எழுது!" என்று கத்துகிறார்கள். முதலில் கத்துவது மாமியார்தான்.

போன கணக்கெடுப்பைக் கைப்பேசியிலேயே நிரப்பலாம் என்றார்கள். மாமி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தக் கேள்வி வந்தது. இத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவள், எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் விரலை நிறுத்திக்கொண்டு கேட்டேன்.

"மாமி, இனம்?"

"தமிழு," என்றார். பிறகு என் தோளில் தட்டினார். "இத மட்டும் பேனாவுல எழுது லா."