தேதிக்கு வைத்த புள்ளி

முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் மற்றவர்களின் தப்பைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். என் தப்பு வெளியே வர, ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணப் பந்தி தேவைப்பட்டது.

சிதம்பரத்தில் தங்கை மகள் கல்யாணம். முதல் நாள் மாலை எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று எண்ணும் வேலையைத் தாய்மாமன் என்ற உரிமையில் பிடுங்கிக்கொண்டேன். போனிலேயே எக்செல்லில் பெயர், வரும் தேதி, ஆள் எண்ணிக்கை. பெண் வீட்டுப் பட்டியலை மச்சான் முன்பே ஏற்றியிருந்தார். தேதிகளுக்கு நடுவே சாய்கோடு. (ஆபீஸ் பார்த்திராத மனிதர், பாவம்.) மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலை நான் ஏற்றினேன். சர்க்கார் முறைப்படி, நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே புள்ளி. பிறகு, முதல் நாள் தேதியில் வருபவர்களை மட்டும் கூட்டச் சொல்லி ஃபார்முலா போட்டேன். நூற்றெண்பது என்றது.

சமையல்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பக்கமும் சேத்தா சார்? கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுக்கறேனே."

"ஃபார்முலாவவிட ஒங்களுக்கு அதிகமா தெரியுமா?" என்றேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். இரண்டாம் பந்தியில் உப்பும் ஊறுகாயும் விழுந்தன. அதற்குமேல் ஒன்றும் விழவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வெற்று இலையைப் பார்த்தபடி, "எங்க ஆளுங்கள நீங்க எண்ணவே இல்லீங்களா?" என்று தங்கையிடம் கேட்டார்.

நான் சமையல்காரர்மேல் பாய்ந்தேன். "நூத்தியெம்பது பேருக்கு ஒழுங்கா சமைச்சிருந்தா இப்படி ஆவுமா?"

பாதி அலங்காரத்தில் வந்த கல்யாணப் பெண் என் போனை வாங்கிப் பார்த்தாள். "மாமா, புள்ளி வெச்சா எக்செல்லுக்கு அது தேதியே இல்ல, வெறும் எழுத்து. அவுங்க வீட்ல ஒருத்தர்கூட கூட்டல்ல வரல."

"தேதின்னா அப்படித்தாம்மா எழுதணும்" என்றேன். (ஆமாம், அப்போதும் வாதாடினேன்.)

மேல வீதி ஓட்டல்களிலிருந்து இட்லி வந்து சேரும்வரை, தங்கை இலை இலையாகப் போய்க் கைகூப்பினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். மறுநாள் சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்; அதற்கு நானறிந்த படிவம் எதுவும் இல்லை.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் சம்பந்தி வாசலிலேயே கூவுகிறார்: "பெரும்புள்ளி வந்துட்டாரு! நம்ம ஆளுங்கள்லாம் மொத பந்தியிலயே ஒக்காந்துடுங்கப்பா!"

மண்டபமே சிரிக்கிறது. நானும் சிரித்து வைக்கிறேன். தங்கை மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.