உட்கூரையில் குந்திய மயில்

தெரியாத விஷயத்தைப் பேசுகிறவன் ஒருபோதும் தடுமாறுவதில்லை. தெரிந்தவனுக்குத்தான் ஆயிரம் யோசனை. எனக்கு அந்தத் தொல்லை இருந்ததே இல்லை. ஜெர்மனியின் பிரேமன் நகரில் பழைய வரிசைவீடு ஒன்றை வாங்கிய கையோடு நான் கட்டடக்கலை பேசத் தொடங்கினேன். (தொழில் டிராம் ஓட்டுவது. தண்டவாளத்தை விட்டு விலகக் கூடாது என்பது வேலை நேரத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.)

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முகப்பு ஒடுக்கம், உள்ளே நல்ல நீளம். தெருவிலிருந்து சில படிகள் ஏறினால் வாசற்கதவு. படிகளுக்குக் கீழே பாதி நிலத்துக்குள் இறங்கிய ஒரு தளம். அந்தக் காலத்தில் சமையலும் வேலைக்காரரும் அங்கேதான். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி, அதற்கடுத்த வீடும் ஒட்டி, தெரு முழுக்க ஒரே மாளிகைபோல நிற்கும். லண்டனில் ஜோர்ஜ் மன்னர்கள் காலத்தில் கட்டிய வரிசைவீடுகளைப் பார்த்துத்தான் இந்த ஊர்க்காரருக்கும் ஆசை வந்ததாம். என் மனைவி வசந்தியின் தமக்கை லண்டனில் இருக்கிறார். "உங்கட ஊர் வீடுகளுக்கு எங்கட வீடு தம்பி முறை அக்கா" என்று ஃபோனில் அவருக்கு வகுப்பெடுத்தேன். (அவர் இருப்பது மாடிக் குடியிருப்பில். அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை.)

வீடு அரசின் மரபுப் பாதுகாப்பில் இருந்தது. டெங்க்மால்ஷுட்ஸ் என்பார்கள். அதாவது வீடு உங்களுடையது, ஆனால் தும்முவதற்கு முன் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் போட வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது குசினியின் பின்சுவரில் ஒரு துளை, புகை வெளியே போக. வசந்தி கடுகு வெடிக்கவிட்டால் எங்கள் புகை அலாரம் அலறும். செத்தல் மிளகாய் போட்டால் அடுத்த வீட்டு அலாரமும் சேர்ந்துகொள்ளும்.

"மீன் பொரிக்கேலாத வீடு என்ன வீடு? ஓட்டைக்கு விடேல்லையெண்டால் வித்துப்போட்டு ஃபிளாட்டுக்கே போவம்" என்று வசந்தி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அனுமதி தரவேண்டிய பெண் அதிகாரி, பழைய வீடுகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடும் நாளில் எங்கள் தெருவுக்கு வருவதாகவும், அப்படியே எங்கள் பின்சுவரையும் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். எங்கள் வீட்டையும் திறந்துவிடுகிறேன் என்று நான் உடனே பெயர் கொடுத்தேன். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு குறை. தெருவில் எல்லா வீட்டு முன்னறையிலும் உட்கூரையில் சுண்ணச்சாந்துப் பூவேலை இருந்தது. எங்களுடையது மட்டும் மொட்டை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மானம் போனது. வசந்தியின் தம்பி ரூபனை அழைத்தேன். பீலெஃபெல்டில் தமிழ்க் கல்யாணங்களுக்கு மணவறை சோடிப்பவன். ரெஜிபோமில் (டிவிப் பெட்டிக்குள் வெள்ளையாக வருமே, அதுதான்) தூணும் யானையும் தாமரையும் வெட்டி ஒட்டுவதில் மன்னன்.

"பழசாத் தெரியவேணும்" என்றேன்.

"அது என்ர பொறுப்பு அத்தான்."

பொறுப்பாகத்தான் செய்தான். நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில்கள். மேலே தேயிலைச் சாயம் பூசினான். நூறு வருட அழுக்கு ஒரு பின்னேரத்தில் வந்து சேர்ந்தது.

"மயில் எதுக்கடா?"

"போன கிழமைக் கல்யாணத்தில மிஞ்சினது அத்தான்."

வசந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "இஞ்சேருங்கோ, அந்த மனுசி வந்தால் ஓட்டையை மட்டும் கேளுங்கோ. வேற வாய் திறக்காதேங்கோ."

"நீர் பேசாமல் இரும். எனக்குத் தெரியும்."

வீடு திறக்கும் நாளன்று கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். கூட்டம் வந்தது, அதிகாரியும் வந்தார். படிக்கட்டு, கைபிடி, கீழ்த்தளம் எல்லாவற்றையும் காட்டினேன். சொன்னதெல்லாம் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். முன்னறைக்குக் கூட்டிப்போனேன்.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "மயிலா?"

மைத்துனன் ஒட்டியது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் என் நாக்கு என்னைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது. இந்த வீட்டைக் கட்டிய வணிகர் கறுவா வாங்க இலங்கைக்குக் கப்பலேறியவர், அங்கே கண்ட மயில்களை மறக்க முடியாமல் இங்கே செய்வித்தார் என்றேன். கூட்டம் "ஆ" என்றது. அந்த "ஆ" கள்ளுமாதிரி, ஒன்று போதாது. வணிகருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன். அவளுக்கு இருமலைக் கொடுத்தேன். மயில்களைப் பார்த்தபடியே, கப்பல் திரும்புமுன் சாகவும் வைத்தேன். முன்னால் நின்ற முதியவர் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

அதிகாரி படமெடுத்து முடித்தார். "இப்படியொரு உட்கூரையை நான் கண்டதில்லை. இதுவரை முகப்புக்கும் வெளிச்சுவர்களுக்கும்தான் பாதுகாப்பு. இனி உள்ளேயும் ஒன்றையும் தொடக்கூடாது என்று பரிந்துரைக்கப்போகிறேன்."

பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. "அப்போ குசினித் துளை?"

"துளையா? இந்த வீட்டிலா? சமையல் புகையே இந்த மயில்களுக்கு ஆகாது. இனிமேல் பொரிக்காதீர்கள்."

குசினி வாசலில் வசந்தி இடுப்பில் கை வைத்தாள். அவள் இடுப்பில் கை வைத்தால் பயப்பட வேண்டும். நான் பயந்தேன்.

"மன்னிக்க வேண்டும். மயில்கள் போன வாரம்தான் வந்தன. மைத்துனர் ஒட்டியது" என்றேன்.

அதிகாரி சிரித்தார். "ஒரு துளைக்காக வரலாற்றையே மறுக்கிறீர்களே!"

கண்ணைத் துடைத்த முதியவர் என்னை முறைத்தார். "இறந்துபோன அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யும் மரியாதை இதுதானா?"

மயில்களைப் பற்றி அவ்வளவு புளுகினேன், எல்லோரும் நம்பினார்கள். ஒரேயொரு உண்மை சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

அப்போது வசந்தி தும்புத்தடியோடு வந்தாள். (கூட்டுகிற தும்புத்தடிதான். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.) "தள்ளி நில்லுங்கோ" என்று கதிரையில் ஏறினாள். எங்கள் மகள் மதுரா "அம்மா, நைன்! வேண்டாம்!" என்று கத்தினாள். தடியின் முனை மயிலின் நெஞ்சில் இடித்தது. கூட்டம் அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியது. அதிகாரி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

மயில் அவசரப்படவில்லை. ஆடி அசைந்து இறங்கி, அதிகாரியின் தோளில் பட்டு, துள்ளி, நிலத்தில் மல்லாந்தது. முதுகில் ரூபனின் கையெழுத்து. அதிகாரி குனிந்து எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"பொம்பிளைப் பக்கம்" என்று வாசித்த மதுரா, மணவறையில் மணமகளின் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது என்று எல்லோருக்கும் ஜெர்மனில் விளக்கினாள். (பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதில்லை என்று ஆசிரியர்கள் குறைசொல்லும் அதே பிள்ளை.)

அதிகாரி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மயில் விழுந்து வெறுமையான இடத்தைப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் வீட்டின் உண்மையான வரலாறு இதுதான். கட்டியவர் பெரிய கஞ்சர்."

துளைக்கு அனுமதி வந்தது, உட்கூரையில் இனி எதையும் ஒட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. துளை போட்ட அன்றே வசந்தி மீன் பொரித்தாள். தெரு மணந்தது, அலாரம் மூச்சு விடவில்லை. வீட்டை விற்கிற கதை அதோடு முடிந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

என் சரித்திரப் புலமை மட்டும் திரும்ப எழும்பவே இல்லை. வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது நான் "அந்தக் காலத்தில" என்று தொடங்கினால் போதும், மதுரா எழும்பிப்போய்த் தும்புத்தடியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்காருவாள்.

போன மாதம் பீலெஃபெல்டில் ஒரு கல்யாணம். ரூபனின் மணவறைதான். பொம்பிளைப் பக்கத்து மயிலின் நெஞ்சில் ஒரு பள்ளம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அண்ணை, அந்த மயிலுக்கு என்ன நடந்தது?"

"அது பெரிய சரித்திரம் தம்பி. ஒரு வணிகர்..." என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வசந்தி மண்டபத்து மூலையை மட்டும் பார்த்தாள். அங்கே ஒரு தும்புத்தடி சாத்தியிருந்தது.

"ஒண்டுமில்லை தம்பி, ஆரோ இடிச்சுப்போட்டினம்" என்றேன்.